மின்சார வண்டியும் கரண்ட் பில்லும்

சென்ற மழைக்காலத்தில் எங்கள் டில்லிக் குடியிருப்பில் ஒரு தகராறு. மூன்றாவது மாடி இளைஞர் ஒருவர் மின்சாரக் கார் வாங்கினார். பால்கனியிலிருந்து நீளமாக எக்ஸ்டென்ஷன் வயரைத் தொங்கவிட்டு இரவெல்லாம் சார்ஜ் போட்டார். ஒருநாள் பிளக் உருகிப் புகை வந்தது. மறுநாளே குடியிருப்போர் சங்கம், "இங்கே மின்சார வண்டிக்கு அனுமதி இல்லை" என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டது. இரண்டு பக்கமும் தவறு. ரயில்வே டிராக்ஷன் பிரிவில் வேலை பார்த்தவன் என்பதால் என்னைப் பஞ்சாயத்துக்கு அழைத்தார்கள். அங்கே சொன்னதை நம் சங்க அன்பர்களுக்கும் சொல்கிறேன்.

1. பில்லின் இரு பகுதிகள்

மின் கட்டணத்தில் பொதுவாக இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, செலவழித்த யூனிட்டுக்கு. மற்றொன்று, செலவழித்தாலும் இல்லாவிட்டாலும் வாங்கி வைத்த லோடுக்கு; இது நிலைக்கட்டணம். ரயில்வேயும் இப்படித்தான் கட்டியது. நாளைக்கு நான்கு வண்டிகளே ஓடினாலும், அவை ஏற்றத்தில் இழுக்கும் உச்ச லோடுக்குச் சப்ஸ்டேஷன் தயாராக நிற்க வேண்டும். நிற்பதற்கும் கூலி உண்டு.

பொது சார்ஜிங் நிலையத்துக்கு இதுவே பெரிய சுமை. 50 கிலோவாட் சார்ஜர் ஒன்று. நிலைக்கட்டணம் கிலோவாட்டுக்கு மாதம் 250 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 12,500 ரூபாய். 5,000 யூனிட் விற்றால் யூனிட்டுக்கு 2.50 ரூபாய்தான் சேரும். 500 யூனிட்டே விற்றால் 25 ரூபாய்! வண்டிகள் குறைவான ஊரில் யார் நிலையம் திறப்பார்கள்?

2. அரசு என்ன செய்தது?

2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மின்சாரம் விற்கக் கூடாது. வண்டிக்குச் சார்ஜ் போடுவது விற்பனையல்ல, சேவையே என்று மத்திய மின் அமைச்சகம் 2018 ஏப்ரலில் விளக்கம் தந்தது. அதனால் உரிமத் தடை நீங்கியது.

2024 செப்டம்பரில் வந்த வழிகாட்டு நெறிகள், சார்ஜிங் நிலையத்துக்கு நிலைக்கட்டணம் இல்லாத ஒற்றைக் கட்டணமே இருக்க வேண்டும், அது சராசரி விநியோகச் செலவைத் தாண்டக் கூடாது என்கின்றன. இது 31-3-2028 வரை. காலை 9 முதல் மாலை 4 வரை, சூரிய மின்சாரம் தாராளமாகக் கிடைக்கும் நேரத்தில், அந்தச் செலவில் 0.7 மடங்கு, மற்ற நேரத்தில் 1.3 மடங்கு. சராசரிச் செலவு 8 ரூபாய் என்றால் பகலில் 5.60, மற்ற நேரம் 10.40. ஆனால் இறுதி விலையை நிர்ணயிப்பது அந்தந்த மாநில ஒழுங்குமுறை ஆணையமே.

சலுகை வானத்திலிருந்து விழுவதில்லை. விநியோக நிறுவனத்துக்கு வராத நிலைக்கட்டணம் எப்படியாவது மற்றவர்கள் பில்லில்தான் ஏறும். வண்டியே இல்லாத ஏழை வீட்டிலும் ஏறும். ஆகவே கெடு வைத்திருப்பது நியாயமே.

3. வீட்டுக் கணக்கு

30 யூனிட் பிடிக்கும் பேட்டரி 20 சதவீதத்திலிருந்து நிரம்ப 24 யூனிட் வேண்டும். சார்ஜரில் வீணாவதைச் சேர்த்து மீட்டரில் சுமார் 27 யூனிட் ஓடும். டில்லியில் 2021 கட்டண ஆணைப்படி, வண்டிக்கென்று தனி இணைப்பில் யூனிட் 4.50 ரூபாய், ஆக 121.50. வீட்டு மீட்டரிலேயே போட்டு மாத உபயோகம் 400 யூனிட்டைத் தாண்டினால் 6.50 ரூபாய், ஆக 175.50. மேல்வரிகள் தனி. யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் ஓடினால் 144 கிலோமீட்டர். அதாவது கிலோமீட்டருக்கு 84 பைசா, அல்லது 1 ரூபாய் 22 பைசா. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் கார், பெட்ரோல் 95 ரூபாய் என்றால், 6 ரூபாய்க்கு மேல் தின்னும்.

4. நாம் செய்ய வேண்டியவை

அ) 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட நுகர்வோர் உரிமை விதிகளின்படி, அடுக்குமாடி வாசிகளும் வண்டிக்குத் தனி இணைப்பு கேட்டுப் பெறலாம். எழுத்தில் விண்ணப்பியுங்கள்.

ஆ) எக்ஸ்டென்ஷன் வயர் கூடவே கூடாது. இஸ்திரிப்பெட்டி பத்து நிமிடம் ஓடும், 3.3 கிலோவாட் சார்ஜர் எட்டு மணி நேரம் ஓடும். மீட்டரிலிருந்து தனி ஒயர், தனி எம்.சி.பி., மின்கசிவைத் துண்டிக்கும் சாதனம், நல்ல எர்த் இவை அவசியம்.

இ) டில்லிக் கோடையில் இரவு பத்து மணிக்கு எல்லா வீட்டிலும் ஏ.சி. ஓடும். அப்போதே எல்லாக் கார்களும் சார்ஜ் ஏறினால் டிரான்ஸ்பார்மர் தாங்காது. முறை வைத்துக்கொண்டு, விடியற்காலை நான்கு மணிக்குமேல் டைமரில் போடுங்கள்.

எங்கள் குடியிருப்பில் அந்த இளைஞருக்குத் தனி மீட்டர் வந்துவிட்டது. நோட்டீஸைக் கிழித்தவர், அதை ஒட்டிய செயலாளரேதான். அடுத்த வண்டி அவர் வீட்டுக்கு வருகிறதாம்!