பாலைநிலத்து ஏரி

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குப் பகுதியில் நெவாடா என்னும் மாநிலம் உளது. மழை அருகிய அம்மேட்டு நிலத்தில், வறண்ட குன்றுகளுக்கு நடுவே, நீலநிறம் பூண்டு பரந்து கிடப்பது பிரமிடு ஏரி. 1844ஆம் ஆண்டில் அவ்வழிச் சென்ற பிரீமாண்ட் என்பார், ஏரியினின்று கூம்புபோல் எழுந்து நிற்கும் பாறையைக் கண்டு இப்பெயரை இட்டார். அவருக்கு நெடுங்காலம் முன்னரே பையூட் என்னும் பழங்குடி மக்கள் அதன் கரையில் வாழ்ந்து வந்தனர்.

இவ்வேரிக்கு நீர் தருவது, தாகோ என்னும் மலை ஏரியினின்று இறங்கி வரும் டிரக்கி ஆறு. ஆற்றுநீர் ஏரியுள் புகும்; வெளியேற வழி இல்லை. வெயிலால் நீர் ஆவியாகிச் செல்ல, அது கொணர்ந்த உப்புகள் ஏரியிலேயே தங்கிவிடுகின்றன. ஆதலின் ஏரிநீர் காரத்தன்மை மிக்கது. அதன் உவர்ப்பு கடல்நீரின் உவர்ப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகும்.

அந்நீரிலும் வாழப் பழகிய மீன்கள் உள. அவற்றுள் சிறந்தவை லகாண்டன் டிரௌட், குவீவி என்னும் இரண்டு. குவீவி இயற்கையாக வாழும் ஏரி உலகில் இஃது ஒன்றே. இவ்விரு மீன்களும் முட்டையிடும் பருவத்தில் நன்னீரை நாடி ஆற்றில் எதிரேறிச் செல்லும். அவை பையூட் மக்களுக்கு உணவாயின. அம்மக்கள் 'குவீவி உண்போர்' என்றே பெயர் பெற்றனர்.

1905ஆம் ஆண்டில் ஆற்றின் குறுக்கே டெர்பி அணை எழுந்தது. ஆற்றுநீரில் பெரும்பங்கு வேறொரு பள்ளத்தாக்கின் வயல்களுக்குத் திருப்பப்பட்டது. அங்கே பாலை பசுமையாயிற்று. இங்கே ஏரி வற்றலாயிற்று. காலப்போக்கில் நீர்மட்டம் ஏறத்தாழ 80 அடி தாழ்ந்தது. ஆறு ஏரியிற் கலக்கும் இடத்தில் மணல்மேடு தோன்றி மீன்களின் வழியை மறித்தது. 1940களின் தொடக்கத்திற்குள் ஏரியிலிருந்த டிரௌட் இனம் அழிந்தொழிந்தது. குவீவியோ நாற்பது ஆண்டுகளுக்கு மேலும் வாழ வல்லது. ஆதலின் முட்டையிட இயலாத ஆண்டுகளையெல்லாம் பொறுத்திருந்து பிழைத்தது.

பையூட் மக்கள் வாளாவிருக்கவில்லை. தம் நீருரிமைக்காக நீதிமன்றங்களில் நெடுநாள் வழக்காடினர். 1990இல் அந்நீரைப் பங்கிடுவதற்கான சட்டம் இயற்றப்பட்டது. மீன்கள் ஆற்றினுள் ஏறுவதற்குத் தனி வழியும் அமைக்கப்பட்டது. அழிந்ததாகக் கருதப்பட்ட டிரௌட் இனத்தின் வழித்தோன்றல்கள், தொலைவிலுள்ள பைலட் மலையின் சிற்றோடை ஒன்றில் காணப்பட்டன. அவற்றின் குஞ்சுகள் 2006 முதல் ஏரியில் விடப்பட்டன. 2014இல் அவை டிரக்கி ஆற்றில் ஏறி முட்டையிட்டன.

ஏரி இன்னும் தன் பழைய மட்டத்தை எட்டவில்லை. ஓர் ஆற்றின் நீரைத் திருப்புவோர், அது சென்று சேரும் இடத்து உயிர்களையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும் அன்றோ?