திறந்திருக்கும் வாசல்கள்

நுழையும்முன்

விழாக்கள் நாட்காட்டியில் நிலைத்திருக்கின்றன. அவற்றைக் கொண்டாடும் முறையோ மாறிக்கொண்டே இருக்கிறது. சிறுவயதில் ஓடியாடி மகிழ்ந்த திருநாள், வளர்ந்தபின் வெறும் விடுமுறை நாளாகச் சுருங்குவது ஏன்? நம் வயது மாறுவதாலா, நம் தெரு மாறுவதாலா? இவ்வினாக்களை ஆராய்கிறது இக்கட்டுரை.

மாவலி சுற்றிய தெரு

கார்த்திகை விளக்கீடு தமிழரின் தொன்மையான விழாக்களுள் ஒன்று. மழை ஓய்ந்த காலத்தில் தெருவில் விளக்கேற்றி, மூதூர் மக்கள் பலரும் ஒன்றுகூடிக் கொண்டாடிய காட்சியை நக்கீரர் பாடிய அகநானூற்றின் 141ஆம் பாடல் காட்டுகிறது. விளக்கு தெருவுக்கு உரியது. விழா பலருக்கு உரியது.

பனை மிகுந்த ஊர்களில் சிறுவர்க்கு அது மாவலி சுற்றும் நாள். ஆண்பனையின் பூந்தண்டைச் சுட்டுக் கரியாக்கிப் பொடித்து, துணியில் இறுகப் பொதிந்து, பனைமட்டைக் கீற்றுகளுக்கு இடையே வைத்துக் கட்டுவர். கயிற்றில் பிணைத்து நெருப்பிட்டுச் சுழற்றினால் பொறிகள் பூக்களாய்ச் சிதறும். பூந்தண்டை இறக்கித் தரப் பனையேறி வேண்டும். கரியின் பதம் அறிந்த மூத்தவர் வேண்டும். சுழற்ற வெட்டவெளி வேண்டும். சிறுவர் விளையாட்டின் பின்னே ஓர் ஊரே நின்றது.

பெறுபவர் தருபவராதல்

நவராத்திரியில் குழந்தைகள் கொலு வைத்த வீடுகளுக்குச் சென்று பாடிச் சுண்டல் பெறுவர். அமெரிக்காவில் அக்டோபர் 31 அன்று ஹாலோவீன் விழாவில் மாறுவேடமிட்ட சிறுவர்கள் வீடு வீடாகச் சென்று இனிப்புப் பெறுவர். நாடும் நம்பிக்கையும் வேறு. ஆயினும், தட்டினால் கதவு திறக்கும் என்னும் உறுதி இரண்டுக்கும் பொது.

இவ்வழக்கங்களில் வளர்தல் என்பது விலகுதல் அன்று; இடம் மாறுதல். நேற்றுச் சுண்டல் பெற்ற கை, நாளை சுண்டல் தரும் கையாகிறது. குலசேகரன்பட்டினம் தசரா விழாவில் பெரியவர்களும் நேர்ந்துகொண்டு வேடம் புனைந்து, குழுக்களாய் ஊர் ஊராகச் சென்று காணிக்கை பெறுகின்றனர். வளர்ந்தோர்க்கும் பங்களிக்கும் விழா, தலைமுறை கடந்தும் ஊக்கத்தோடு நிற்கிறது.

அறுபடும் சங்கிலி

வேலை தேடி இளையோர் பெயர்கின்றனர். அடுக்ககங்களில் எதிர்வீட்டார் பெயரும் அறியாமல் ஆண்டுகள் கழிகின்றன. தருவதற்கு ஆள் இருந்தும் கேட்பதற்குக் குழந்தைகள் வருவதில்லை. குழந்தைகள் இருந்தும் அறிமுகமான கதவுகள் இல்லை. இடைவெளி விழுந்த அவ்விடத்தில் சங்கிலி அறுபடுகிறது.

கொல்லிமலையின் செம்மேட்டில் ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் அரசு சார்பில் வல்வில் ஓரி விழா நடைபெறுகிறது. ஓரியின் வள்ளன்மையை நினைவூட்டும் அத்தகைய மேடை விழாவும் தேவையே. எனினும், மேடையின் முன் நாம் பார்வையாளர். அண்டைவீட்டு வாசலில் நாம் உறவினர். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

பழைய தெருக்களில் எல்லா வாசல்களும் எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை. சாதி வேற்றுமை பல கதவுகளை அடைத்து வைத்திருந்தது. ஆகவே, பழைய தெருவை அப்படியே மீட்பது நம் நோக்கமன்று. முன்பு அடைபட்டிருந்த கதவுகளையும் திறப்பதே நோக்கம்.

நிலைப்படியில் நிற்போர்

மாணவர்களே, பெறும் பருவம் உங்களுக்கு முடிந்துகொண்டிருக்கிறது. தரும் பருவம் இன்னும் தொடங்கவில்லை. இந்த இடைவெளியில்தான் பலரும் விழாவைக் கைவிடுகின்றனர். வாசலூர்பட்டி போன்ற மலைச்சிற்றூரில் வாழ்ந்தாலும், பெருநகர அடுக்ககத்தில் வாழ்ந்தாலும், உங்களினும் இளைய ஒரு குழந்தைக்கு மாவலி கட்டக் கற்றுத்தருவதும், தனித்து வாழும் முதியவர் வாசலில் ஓர் அகல் ஏற்றுவதும் உங்களால் இயலும். விழா மீண்டும் தெருவுக்கு வர அதுவே தொடக்கம்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் சிறுவர்கள் வீடு வீடாகச் சென்று கொண்டாடிய விழா ஒன்றைப் பற்றி மூத்தோரிடம் கேட்டறிந்து எழுதுக.
2. ‘வளர்தல் என்பது விலகுதல் அன்று, இடம் மாறுதல்’ – இக்கருத்தைப் பற்றி வகுப்பில் கலந்துரையாடுக.