துருவப் பனிக்கட்டியும் வெண்பனிப் போர்வையும்: நீண்டகால மாறுதல்களை அறியும் முறை

பூமியின் இரு துருவங்களையும் அடுத்துள்ள கடல்களின் மேற்பரப்பு குளிர்காலத்தில் உறைந்து பனிக்கட்டியாகிறது. கோடையில் அதில் ஒரு பகுதி உருகி மீண்டும் கடல்நீருடன் கலந்து விடுகிறது. ஆண்டுதோறும் நிகழும் இப்பெருக்கமும் சுருக்கமும் இயற்கையானவை. ஆயினும், கடந்த சில பத்தாண்டுகளில் இவற்றின் அளவு மாறி வந்திருக்கிறது. இம்மாறுதலை எவ்வாறு அளப்பது, எவ்வளவு காலத்து அளவுகளைக் கொண்டு முடிவுக்கு வருவது என்பவற்றை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

கடல் பனிக்கட்டியும் வெண்பனியும்

கடல்நீரில் உப்புக் கலந்திருப்பதால் அது சுமார் மைனஸ் 1.8 டிகிரி சென்டிகிரேடில் உறைகிறது. இவ்வாறு உறைந்து மிதப்பதே கடல் பனிக்கட்டி. நிலத்தின் மீது வானத்திலிருந்து பொழிந்து படிவது வெண்பனி. வெண்பனி நெடுங்காலம் சேர்ந்து இறுகி, நிலத்தின் மேல் மலைபோல் குவிந்திருப்பது நிலப் பனிப்பாளம். இம்மூன்றையும் வேறுபடுத்தி அறிதல் இன்றியமையாதது. மிதக்கும் பனிக்கட்டி உருகுவதால் கடல் மட்டம் ஏறக்குறைய உயர்வதே இல்லை. நிலப் பனிப்பாளம் உருகிக் கடலிற் சேர்ந்தால் மட்டம் உயரும்.

எனினும், மிதக்கும் பனிக்கட்டிக்கு வேறொரு முக்கியத்துவம் உண்டு. புதிய வெண்பனி தன்மேல் விழும் சூரிய ஒளியில் 80 சதவீதத்திற்கும் மேலாகத் திருப்பி அனுப்பி விடுகிறது. திறந்த கடல்நீரோ பத்தில் ஒரு பங்கைக்கூடத் திருப்புவதில்லை. எஞ்சியதை உட்கொண்டு வெப்பமடைகிறது. ஆகவே பனிக்கட்டி குறைந்தால் கடல் மேலும் வெப்பமுறும். கடல் வெப்பமுற்றால் பனிக்கட்டி மேலும் குறையும். துருவப் பகுதியில் தொடங்கும் ஒரு சிறு மாறுதல் தானே பெருகி வளர்வதற்கு இதுவே காரணம்.

அளக்கும் முறை

முற்காலத்தில் திமிங்கில வேட்டைக் கப்பல்களின் குறிப்பேடுகளும், நார்வே நாட்டின் நான்சனின் பயணத்தில் 1893 முதல் 1896 வரை பனிக்கட்டியில் சிக்கி மிதந்து சென்ற ‘பிராம்’ போன்ற கப்பல்களின் குறிப்புகளுமே சான்றுகளாக இருந்தன. துருவப் பகுதி முழுவதையும் ஒரே சீராக அளக்கும் வாய்ப்பு, 1978-ஆம் ஆண்டின் இறுதியில் ‘நிம்பஸ்-7’ என்னும் செயற்கைக் கோள் ஏவப்பட்ட பின்னரே கிட்டியது. பனிக்கட்டியும் நீரும் வெளியிடும் நுண்ணலைகள் வேறுபடுவதால், ஆறு மாத இருளிலும் மேகமூட்டத்திலும் கூட இவற்றைப் பிரித்தறிய முடிகிறது. ஓரிடத்தின் பரப்பில் 15 சதவீதமேனும் பனிக்கட்டி இருந்தால், அவ்விடம் முழுவதும் ‘பனிக்கட்டி விரிவு’ என்ற கணக்கில் சேர்க்கப்படுகிறது.

வட துருவம்

நிலத்தால் சூழப்பட்ட ஆர்க்டிக் கடலில் பனிக்கட்டியின் விரிவு மார்ச் மாதத்தில் உச்சத்தையும் செப்டம்பரில் தாழ்வையும் அடைகிறது. 1980-ஐ அடுத்த ஆண்டுகளில் செப்டம்பர்த் தாழ்வு 70 லட்சம் சதுர கிலோமீட்டரை ஒட்டி இருந்தது. 2012-இல் அது சுமார் 34 லட்சமாகக் குறைந்தது. அதற்கு அடுத்த 2013-இலோ 50 லட்சத்தைத் தாண்டியது.

இவ்விரண்டு ஆண்டுகளை மட்டும் நோக்குவோர், பனிக்கட்டி மீண்டு விட்டதென்று கருதக்கூடும். ஆனால் முழு வரிசையையும் நோக்கினால் உண்மை புலனாகும். 2007 முதல் 2024 வரை ஒவ்வோர் ஆண்டின் தாழ்வும், 1979-க்கும் 2006-க்கும் இடைப்பட்ட எந்த ஆண்டின் தாழ்வைக் காட்டிலும் குறைவேயாகும். 2013-உம் இதற்கு விலக்கல்ல. 1981 முதல் 2010 வரையிலான சராசரியுடன் ஒப்பிடும்போது, செப்டம்பர் விரிவு பத்தாண்டுக்குச் சுமார் 12 சதவீதம் வீதம் குறைந்து வந்திருக்கிறது.

பரப்புடன் கனமும் குறைந்திருக்கிறது. 1958-க்கும் 1976-க்கும் இடையில் நீர்மூழ்கிக் கப்பல்கள் அளந்த இடங்களில் கோடை முடிவில் சராசரியாக 3.1 மீட்டராக இருந்த கனம், 1990-களில் 1.8 மீட்டராகக் குறைந்திருந்தது. பல்லாண்டுகள் உருகாது நிலைத்த தடித்த பனிக்கட்டி அருகி, ஓராண்டே ஆன மெல்லிய பனிக்கட்டி அதன் இடத்தைப் பிடித்துள்ளது.

தென் துருவம்

தென் துருவத்தின் நிலை இதற்கு மாறானது. அங்கே கண்டத்தைக் கடல் சூழ்ந்துள்ளது. பனிக்கட்டி தடையின்றிப் பரவவும், காற்றாலும் நீரோட்டத்தாலும் அலைக்கழிக்கப்படவும் இடமுண்டு. அளவீடு தொடங்கியதிலிருந்து சுமார் முப்பத்தைந்து ஆண்டுகள் அதன் விரிவு சிறிது சிறிதாக அதிகரித்தது. 2014 செப்டம்பரில் 2 கோடி சதுர கிலோமீட்டரையும் கடந்தது. 2016-இல் திடீரெனக் குறையத் தொடங்கியது. 2023 பிப்ரவரியில் சுமார் 18 லட்சம் சதுர கிலோமீட்டர் என்ற தாழ்வை எட்டியது. அவ்வாண்டுக் குளிர்கால உச்சமும் 1 கோடியே 70 லட்சத்தை எட்டவில்லை. 2014-இல் வரிசையை முடித்துக் கொண்டு, “தென் துருவப் பனிக்கட்டி வளர்ந்து கொண்டே போகும்” என்று எவரேனும் கூறியிருப்பின், அக்கூற்று இரண்டே ஆண்டுகளில் பொய்த்திருக்கும்.

நிலத்தின் மீதுள்ள வெண்பனியும் பருவ மழையும்

வட அரைக்கோள நிலப்பரப்பின் வெண்பனி 1966 முதல் செயற்கைக் கோள்களின் உதவியால் வரைபடமாக்கப்பட்டு வருகிறது. ஆர்க்டிக் பகுதி நிலங்களில் ஜூன் மாத வெண்பனிப் பரப்பு, 1967-க்கும் 2018-க்கும் இடையில் பத்தாண்டுக்குச் சுமார் 13 சதவீதம் வீதம் குறைந்துள்ளது.

இப்பொருள் இந்தியாவுக்குப் புதியதன்று. 1876 முதல் 1878 வரை நாட்டைத் தாக்கிய பெரும் பஞ்சத்திற்குப் பின்னர், மழையை முன்கூட்டி அறிய வழி தேடிய வானிலை இலாகாவின் முதல் தலைவர் பிளான்போர்டு, இமயமலையில் வெண்பனி மிகுந்த ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழை குறையக்கூடும் என்று 1884-இல் எடுத்துரைத்தார். வெண்பனி வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. எஞ்சிய வெப்பமும் அதை உருக்குவதிலேயே செலவாகிறது. அதனால் நிலம் சூடேறத் தாமதமாகிறது. கடற்காற்றை உள்ளிழுக்கும் வேகமும் தளர்கிறது. இத்தொடர்பு எல்லா ஆண்டுகளிலும் ஒரே வலிமையுடன் காணப்படுவதில்லை. மழையை நிர்ணயிக்கும் பல காரணங்களுள் இதுவும் ஒன்றே. ஆர்க்டிக் பகுதியை நேரில் ஆராய, நார்வேயின் நீ-ஆலசுண்டில் ‘ஹிமாத்ரி’ என்னும் நிலையத்தை இந்தியா 2008-இல் நிறுவியது.

வகுப்பறையிலும் களத்திலும்

ஆசிரியர்கள் இரு எளிய சோதனைகளைச் செய்து காட்டலாம். ஒரு கண்ணாடிக் குவளையில் பனிக்கட்டியை மிதக்க விட்டு நீர் மட்டத்தைக் குறித்துக்கொண்டால், அது உருகிய பின்னும் மட்டம் மாறாதிருப்பதைக் காணலாம். வெண்ணிறத் துணியையும் கருநிறத் துணியையும் வெயிலில் விரித்துச் சிறிது நேரம் கழித்துத் தொட்டுப் பார்த்தால், ஒளியைத் திருப்புதல், உட்கொள்ளுதல் ஆகியவற்றின் வேறுபாடு விளங்கும்.

களப் பணியாளருக்கு இவ்வரலாறு உணர்த்துவது வேறொன்று. ஒரே மாதத்தை ஒரே முறையில் ஆண்டுதோறும் அளந்து, அவ்வளவுகளை வரிசைப்படுத்திய பின்னரே மாறுதல் எது, தற்காலிக ஏற்றத்தாழ்வு எது என்பது தெளிவாகிறது. துருவப் பனிக்கட்டிக்குப் பொருந்தும் இவ்விதி, சிற்றூரின் மழைமானிக்கும் பொருந்தும். கருவி இடம் மாற்றப்பட்டால், மாற்றிய நாளையும் காரணத்தையும் பதிவேட்டில் எழுதி வைத்தல் வேண்டும். எடுக்காமல் விட்ட அளவைப் பிற்காலத்தில் எவராலும் திரும்பப் பெற இயலாது.