சாலையோரம் வந்த கடற்பூண்டு

ஒவ்வொரு செடிக்கும் உரிய நிலம் உண்டு என்பது தாவர நூலின் முதற் பாடங்களுள் ஒன்றாகும். அங்ஙனமாயின், கடற்கரைக்கே உரிய பூண்டொன்று கடலைக் காணாத உள்நாட்டில் செழித்து வளர்வது எவ்வாறு? பிரிட்டன் நாட்டுப் பெருஞ்சாலைகளில் பரவியுள்ள டேனிய ஸ்கர்விப் பூண்டைக்கொண்டு இவ்வினாவை ஈண்டு ஆராய்வோம்.

காக்லியேரியா டேனிகா என்பது இதன் நூற்பெயர். 'காக்லியேர்' என்னும் இலத்தீன் சொல் கரண்டியைக் குறிக்கும்; இவ்வினத்துட் சிலவற்றின் இலை கரண்டி வடிவினது. இது கடுகின் குடும்பத்தைச் சேர்ந்தது. பெரும்பாலும் ஒரு சாணுக்கு மேல் உயராதது. வெண்மையோ இளஞ்செந்நீலமோ உடைய நான்கிதழ்ப் பூக்களைத் தாங்குவது. இதன் இனத்துப் பூண்டுகளில் சி என்னும் உயிர்ச்சத்து உண்டு. பண்டைக் கப்பலோட்டிகள் அவற்றைத் தின்று ஸ்கர்வி நோயினின்றும் பிழைத்தமையால் இப்பெயர் வழங்கலாயிற்று.

பிரிட்டனில் மாரிக்காலத்தே சாலைகளில் பனிக்கட்டி படியும். மோட்டார் வண்டிகள் வழுக்கி உயிர்ச்சேதம் நேரும். அதனைத் தடுக்கவே சாலையில் உப்புத் தூவுகின்றனர். உப்புக் கலந்த நீர் எளிதில் உறையாது. போதிய உப்பிருப்பின் பூச்சியத்துக்குக் கீழ் 21 பாகை வரையிலும் நீர்மையாகவே நிற்கும். ஆனால் அவ்வுப்பு சாலையோடு நிற்பதில்லை. மழையில் கரைந்தும் சக்கரங்களாற் சிதறுண்டும் ஓரத்து மண்ணிற் சேர்கின்றது. மண்ணின் நீரில் உப்பு மிகுமாயின் புல்லின் வேர் அதனை உறிஞ்சமாட்டாது. ஈர மண்ணில் நின்றும் புல் நீரின்றி வாடும்.

புல் மடிந்த அவ்வெற்றிடமே நம் பூண்டுக்கு வாய்த்த குடியிருப்பு. உப்பைத் தாங்கும் ஆற்றல் அதற்குக் கடற்கரையிலேயே அமைந்தது. இலையுதிர் காலத்தில் முளைத்து, குளிரில் வளர்ந்து, இளவேனிலில் பூத்து, கோடையின் வறட்சி முற்றுமுன் விதை சிந்தி மடிவது அதன் இயல்பு. நுண்ணிய அவ்விதைகளை விரைந்தோடும் வண்டிகளின் காற்றும் சக்கரச் சேறும் நெடுந்தூரம் கொண்டு செல்கின்றன. 1980-ஆம் ஆண்டுகள் தொடங்கி இது சாலை வழியே மிக விரைந்து பரவிற்று. இருவழிப் பெருஞ்சாலைகளின் நடுத்திட்டில் மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் இது பூத்து நிற்குங்கால், உருகாது எஞ்சிய உறைபனியோ என வழிச்செல்வோர் மயங்குவர்.

ஆகவே, முற்கூறிய பாடம் பொய்த்திலது. பூண்டு தன் நிலத்தைத் துறந்து வரவில்லை. நாம் சாலையோரத்தைக் கடற்கரை ஆக்கினோம், அது தன் நிலத்தையே வந்தடைந்தது. புக்கினெல்லியா என்னும் உவர்ப்புல்லும் இவ்வாறே சாலையோரங்களிற் பரவியுள்ளமை இதற்குச் சான்றாகும்.

உப்புத் தூவுதல் உயிர் காக்கும் செயலே. அதனைப் பழித்தல் நம் கருத்தன்று. எனினும், நற்செயலுக்கும் நாம் எண்ணாத விளைவுண்டு. அவ்வுப்பு ஓடைகளையும் சென்றடைகின்றது. ஆங்கு வாழும் உயிர்களுக்கு அது நன்றன்று. மண்ணில் உப்பேறிய செய்தியை எவரும் எழுதிவையாவிடினும், இச்சிறு வெண்பூ எழுதிவைத்திருக்கின்றது. செடியின் பெயரை அறிவதோடு அமையாது, அஃது அவ்விடத்தில் நிற்பது ஏன் என வினவுதலே தாவர நூல் பயில்வோர்க்குரிய கடமையாகும்.