வேண்டாத தபாலை நிறுத்துவது எப்படி?

பக்கத்து வீட்டு மாமி பழைய பேப்பர்காரருக்கு எடுத்துவைத்திருந்த கட்டுக்குள் நிறுவனங்களின் ஏழு ஆண்டறிக்கைகள் இருந்தன. ஒன்றிலும் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படவில்லை. மரத்தை வெட்டி, தண்ணீரையும் மையையும் செலவழித்து, லாரியில் ஏற்றி வந்த தாள் வாசலிலிருந்து நேரே எடைக்குப் போகிறது. மனசு கேட்கவில்லை. மாமியோடு உட்கார்ந்து செய்ததைச் சொல்கிறேன்.

1. ஒரு மாதத் தபாலை ஓர் அட்டைப்பெட்டியில் சேர்த்து, யார் அனுப்பியது என்று பிரித்துவையுங்கள்.

2. வங்கி ஸ்டேட்மென்ட், போன் பில் இரண்டையும் ஆப்பிலேயே மின்னஞ்சலுக்கு மாற்றுங்கள். ஐந்து நிமிட வேலை.

3. பங்குகளில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். "ஆண்டறிக்கை அனுப்பாதீர்கள்" என்று நிறுவனத்துக்குக் கடிதம் போடுவார்கள். அடுத்த வருடமும் தபால் வரும். டீமேட் பங்குகளுக்கான முகவரிப் பட்டியல் என்.எஸ்.டி.எல்., சி.டி.எஸ்.எல். என்ற டெபாசிட்டரிகளிலிருந்து போகிறது. ஆகவே உங்கள் டீமேட் கணக்கு இருக்கும் புரோக்கரிடமோ வங்கியிடமோ மின்னஞ்சலைப் பதியுங்கள். ஒருமுறை பதிந்தால் அந்தக் கணக்கிலுள்ள எல்லா நிறுவனங்களுக்கும் அது போய்ச் சேரும். இரண்டு கணக்கு இருந்தால் இரண்டிலும் பதிய வேண்டும். கூட்டுக் கணக்கில் முதல் பெயர்க்காரரின் மின்னஞ்சல்தான் செல்லும். பழைய காகிதப் பத்திரமாகவே வைத்திருந்தால், அந்த நிறுவனத்தின் ரெஜிஸ்ட்ராருக்கு ஐ.எஸ்.ஆர்-1 படிவம் அனுப்புங்கள். மியூச்சுவல் ஃபண்டுகளுக்கு ரெஜிஸ்ட்ரார் பெரும்பாலும் கேம்ஸ், கேஃபின்டெக் இரண்டில் ஒன்று; அங்கே பதியுங்கள்.

அலுவலக மின்னஞ்சலைக் கொடுக்கவே கூடாது. ஓய்வு பெற்ற அன்றே அது போய்விடும். முதலீட்டுக்கென்று தனி மின்னஞ்சல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாமியின் ஏழில் இரண்டு, காலமான மாமா பெயருக்கு வந்தவை. இப்படிப்பட்ட தபாலை மட்டும் திருப்பி அனுப்பாதீர்கள். அந்தப் பங்குகள் மறந்துபோய், தொடர்ந்து 7 ஆண்டுகள் டிவிடெண்ட் வாங்கப்படாமல் கிடந்தால், பணமும் பங்கும் ஐ.இ.பி.எஃப். என்ற அரசு நிதிக்குப் போய்விடும். மீட்பதற்கு அலைய வேண்டும். முதலில் வாரிசு பெயருக்கு மாற்றுங்கள். தபால் தானாக நிற்கும்.

4. செய்தித்தாளுக்குள் வரும் நோட்டீஸ்: பேப்பர் போடும் பையனிடம் சொல்லிப் பயனில்லை. ஏஜென்டிடம் சொல்லுங்கள், செருகுவது அங்கேதான்.

5. அப்படியும் வருவதில் பெயர், கணக்கு எண் உள்ள பகுதியைக் கிழித்துவிடுங்கள். ஜன்னல் உறையின் பிளாஸ்டிக்கைப் பிய்த்தெடுத்துவிட்டு உறையைப் பழைய பேப்பரோடு சேருங்கள். ஒரு பக்கம் வெறுமையான தாள் மளிகை லிஸ்டுக்கு ஆகும்.

ஆண்டறிக்கைத் தபால் பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டில் வரும். மே மாதத்துக்குள் மின்னஞ்சலைப் பதிந்துவிடுங்கள். தள்ளிப்போட்டால் உங்கள் பெயருக்கு இன்னும் ஒரு வருடத் தபால் வந்துவிடும்.