சாப்பாடும் படுக்கையும் சம்பளமாகுமா?

புறக்கோட்டை மொத்த வியாபாரக் கடைகளில் வேலை செய்வோர் இரு சாரார். மாளிகாவத்தை, வாழைத்தோட்டம் பகுதிகளிலிருந்து காலையில் வந்து இரவில் வீடு திரும்புவோர் ஒரு சாரார். மூதூர், பொத்துவில், பதுளைப் பக்கங்களிலிருந்து வந்து கடை மாடியிலேயே படுத்துறங்குவோர் மறு சாரார். கொழும்புப் பையனுக்குச் சம்பளம் போதாவிட்டால் அடுத்த வாரமே வேறு கடை பார்ப்பான், அல்லது முச்சக்கர வண்டி ஓட்டுவான். ஊர்ப் பையன் வேலையை விட்டால் அன்றிரவு படுக்க இடமில்லை. "விசுவாசமான பையன்" என்று நாம் மெச்சுவதில் பாதி இதுதான் என்பது எனது எண்ணம்.

"சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் கொடுக்கிறோமே" என்பார்கள் முதலாளிமார். நல்லது. ஆனால் 2026 ஜனவரி முதல் தேசிய ஆகக் குறைந்த சம்பளம் மாதம் 30,000 ரூபா, நாளொன்றுக்கு 1,200 ரூபா. அதன் மேல் ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதம், ஊழியர் 8 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மட்டும் 3 வீதம்.

பலர் கவனிக்காத விடயம் ஒன்றுண்டு. 1958ஆம் ஆண்டின் சேமலாப நிதிச் சட்டத்தில் "உழைப்பு" என்பதற்குள் முதலாளி கொடுக்கும் உணவின் பணப் பெறுமதியும் அடங்கும். உதாரணத்துக்கு, மாதச் சாப்பாட்டின் பெறுமதி 10,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். 30,000க்கு அல்ல, 40,000க்கே சேமலாப நிதி கட்ட வேண்டும். முதலாளியின் பங்கு 3,600 அல்ல, 4,800. பிந்திக் கட்டினால் 5 முதல் 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் வேறு. ஆக, சாப்பாட்டைக் காட்டிச் சம்பளத்தைக் குறைக்கப் போனவர் அந்தச் சாப்பாட்டுக்கும் சேர்த்துக் கணக்குக் காட்ட வேண்டி வரும்.

அடுத்தது நேரம். கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45. அதற்கு மேற்பட்டால் ஒன்றரை மடங்கு. இரவு பத்து மணிக்கு லொறி வந்தால் மாளிகாவத்தைக்காரரை யாரும் கூப்பிடுவதில்லை. "மாடியில்தானே கிடக்கிறான்" என்று ஊர்ப் பையனை எழுப்புகிறோம். அந்த இரண்டு மணித்தியாலம் எந்தப் புத்தகத்திலும் ஏறுவதில்லை. கூலி பற்றிய ஹதீஸை ஜும்ஆவில் கேட்டுவிட்டு வந்த அதே நாளில்தான் இதுவும் நடக்கிறது.

எனவே மாடியில் தங்குபவருக்கென ஒரு கொப்பி வையுங்கள். லொறி இறக்கிய நேரம், பெருநாளுக்குக் கொடுத்த முற்பணம், சாப்பாட்டின் பெறுமதி மூன்றையும் அன்றன்றே எழுதி, மாத முடிவில் அவரது கையொப்பத்தையும் வாங்குங்கள். அடையாள அட்டைப் பிரதியைப் பெற்று முதல் மாதமே சேமலாப நிதியில் பதிந்துவிடுங்கள். பத்து வருடம் கழித்து ஊரில் கல்யாணம் என்று அவர் புறப்படும்போது அந்தக் கணக்குத்தான் அவர் கையில் இருக்கும்.