வெட்டிய பவளம் மீண்டும் வளருமா?

கேள்வி: மன்னார் வளைகுடாவில் பவளப்பாறையை நட்டு வளர்க்கிறார்களாமே! அது என்ன செடியா? இதில் மீனவர்களுக்கு என்ன வேலை?

பதில்: செடியல்ல, விலங்கினம்தான். ஆனாலும் உயிருள்ள ஒரு துண்டை கான்கிரீட் சட்டத்தில் கட்டிக் கடலடியில் வைத்தால், பதியன் போட்டதுபோல் பற்றிக்கொண்டு வளரும். தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையம் 2002 முதல் இதைச் செய்துவருகிறது. கிளைவிடும் மான்கொம்புப் பவளம் வேகமாக வளரும். உருண்டைப் பவளமோ ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு செ.மீ.தான்.

சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளத்தை வெட்டிய காலம் உண்டு. அலையைத் தடுக்கும் பாறை போனதும் கரை அரித்தது. வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி இரண்டும் மூழ்கிவிட்டன. 2001இல் பவளத்துக்கு வனவிலங்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது.

ஆனால் நடுக்கடலில் சட்டம் காவலுக்கு நிற்காது. மீனவர்தான் நிற்க முடியும். பாறைமேல் நங்கூரம் போடாதிருப்பது, கடலடியில் மடிவலை இழுக்காதிருப்பது, சிக்கிய வலையை அகற்றுவது, பவளம் வெளுத்தால் உடனே தகவல் சொல்வது எல்லாம் அவர்கள் கையில். பாறை பிழைத்தால் மீனும் பெருகும்.

2016இல் கடல் சூடேறியபோது ஏராளமான பவளம் வெளுத்து மடிந்தது. மடிந்ததை நட்டு ஈடுசெய்ய நெடுங்காலம் ஆகும். ஆகவே நடுவது இரண்டாம் வேலை. இருப்பதைக் காப்பதே முதல் வேலை.